விட்ட படிப்பு – 6: போர்முனையில் பிறந்த பரீட்சை

சென்ற வாரம் இரவுப் பள்ளிகளைப் பார்த்தோம். இந்த வாரம் அமெரிக்கா. பள்ளிப் படிப்பைப் பாதியில் விட்டவர்கள் அங்கே எழுதும் தேர்வுக்கு ஜி.இ.டி. என்று பெயர். நம் ஊரில் பிளஸ் டூவைத் தனித்தேர்வராக எழுதுவதோடு ஓரளவு ஒப்பிடலாம். ஆனால் அதைப் பெற்றெடுத்தது ராணுவத்தின் தேவை.

இரண்டாம் உலகப் போருக்காகப் பள்ளியை விட்டுப் போன பையன்கள் ஏராளம். போரைப் பார்த்துத் திரும்பியவனைப் பதினைந்து வயதுப் பிள்ளைகளோடு பெஞ்சில் உட்காரவைக்க முடியுமா? அவர்களுக்காக 1942-ல் அமெரிக்கக் கல்விக் கவுன்சில் இந்தத் தேர்வை உருவாக்கத் தொடங்கியது. 1944-ல், போர் முடித்து வந்தவர்களின் கல்லூரிப் படிப்புக்கு அரசே பணம் கொடுக்கும் சட்டம் வந்ததும் தேர்வின் மதிப்பு கூடியது. 1947-ல் நியூயார்க் மாநிலம் பொதுமக்களும் எழுதலாம் என்றது. பள்ளிக்கு வெளியே கற்றதும் கல்விதான் என்று ஓர் அரசு ஒப்புக்கொண்டதே, அதுதான் எனக்கு இதில் பெரிய விஷயமாகப் படுகிறது.

எழுத யாருக்குத் தகுதி? உயர்நிலைப் பள்ளியில் பெயர் பதிவில் இருக்கக் கூடாது. குறைந்தது 16 வயது வேண்டும். 18 ஆகாதவர்களுக்குப் பல மாநிலங்களில் கூடுதல் நிபந்தனைகள் உண்டு.

தாள்கள் நான்கு, எல்லாம் கணினியில். கணிதம் 115 நிமிடம், அறிவியல் 90, சமூக அறிவியல் 70. கணிதத்தில் பாதிக்கு மேல் இயற்கணிதம். சூத்திரங்களை அவர்களே தந்துவிடுகிறார்கள்; முதல் சில கேள்விகளைத் தாண்டினால் கால்குலேட்டரும் உண்டு. சமூக அறிவியலில் பாதி, அரசும் குடிமையும்.

மொழித்தாள்தான் நீளம், 150 நிமிடம். அதில் 45 நிமிடம் ஒரே ஒரு கட்டுரைக்கு. ஒரே விஷயத்தைப் பற்றி எதிரெதிராக வாதாடும் இரண்டு பகுதிகளைக் கொடுப்பார்கள். உன் கட்சி எது என்று கேட்பதில்லை. எந்த வாதத்துக்கு ஆதாரம் வலுவாக இருக்கிறது, ஏன் என்று அந்தப் பகுதிகளிலிருந்தே எடுத்துக்காட்டி எழுத வேண்டும். தனக்குப் பிடிக்காத பக்கத்தின் ஆதாரம் வலுவாக இருந்தால், வலு அங்கேதான் என்று எழுதியாக வேண்டும். நம் பொதுத்தேர்வுகளில் இப்படி ஒரு கேள்வி வராதா என்று நான் ஏங்குகிறேன்.

மதிப்பெண் 100-ல் தொடங்கி 200 வரை. ஒவ்வொரு தாளிலும் 145 எடுக்க வேண்டும். ஒன்றில் குறைந்ததை இன்னொன்றில் ஈடுகட்ட முடியாது. 2014-ல் தேர்வைக் கடினமாக்கி மாற்றியபோது தேர்ச்சிக்கு 150 கேட்டார்கள். தேர்ச்சி பெறுவோர் எண்ணிக்கை சரிந்தது. 2016-ல் 145-க்கு இறங்கி வந்தார்கள்.

நான்கு தாளையும் ஒரே மூச்சில் எழுத வேண்டியதில்லை. இந்த மாதம் ஒன்று, இரண்டு மாதம் கழித்து இன்னொன்று என்று எழுதலாம். தவறிய தாளை மட்டும் திரும்ப எழுதினால் போதும். பல மாநிலங்களில் மூன்றாவது முறையும் தவறினால்தான் 60 நாள் காத்திருக்க வேண்டும். இரவெல்லாம் ஹோட்டலில் பாத்திரம் கழுவிவிட்டு, காலையில் பிள்ளையைப் பள்ளியில் விட்டுவிட்டு வரும் ஒரு தாய்க்கு எழுபது நிமிடம் ஒதுக்க முடியும். ஒரு முழு வாரத்தை ஒதுக்க முடியாது.

(தொடரும்)