ஹனாமி

ஹனாமி என்பது ஜப்பானில் இளவேனிற் காலத்தில் செர்ரி மரங்கள் பூக்கும்போது, அவற்றின் அடியில் கூடி மலர்களைக் கண்டு மகிழும் மரபு ஆகும். ஜப்பானிய மொழியில் "ஹனா" என்பது மலரையும் "மி" என்பது காண்பதையும் குறிக்கும். செர்ரி மலர் அம்மொழியில் "சக்குரா" எனப்படுகிறது. ஓரிடத்தில் மலர்கள் முழுமையாக விரிந்திருக்கும் காலம் ஏறத்தாழ ஒரு வாரமே. மழையோ பலத்த காற்றோ வந்தால் அதுவும் குறையும்.

வரலாறு

நாரா காலத்தில் (710–794) சீனப் பண்பாட்டின் தாக்கத்தால் "உமே" என்னும் மரத்தின் மலர்களே பெரிதும் போற்றப்பட்டன. ஹெயன் காலத்தில் (794–1185) அவ்விடத்தைச் சக்குரா பெற்றது. 812 ஆம் ஆண்டில் பேரரசர் சாகா கியோத்தோவில் மலர் விருந்து நடத்தினார். அரசவைக்கு உரியதாக இருந்த இவ்வழக்கம் பின்னர் சாமுராய்களிடம் பரவியது. தொயோதோமி ஹிதெயோஷி 1598 இல் தைகோ-ஜி கோயிலில் நடத்திய ஹனாமி புகழ்பெற்றது. 18 ஆம் நூற்றாண்டில் ஷோகன் தொக்குகவா யோஷிமுனே, இன்றைய தோக்கியோவில் உள்ள அசுக்காயாமாவில் செர்ரி மரங்களை நடச்செய்து, பொதுமக்கள் கூடிக் களிக்க வழிசெய்தார்.

கொண்டாடும் முறை

குடும்பத்தினர், நண்பர்கள், அலுவலகத்தினர் எனப் பலரும் மரத்தடியில் விரிப்பு விரித்து அமர்ந்து உண்பர். நல்ல இடம் பிடிப்பதற்காகச் சிலர் காலையிலேயே வந்து காத்திருப்பதும் உண்டு. இளஞ்சிவப்பு, வெள்ளை, பச்சை ஆகிய நிறங்களில் குச்சியில் கோத்த தங்கோ என்னும் மாவுருண்டைகள் இக்காலத்துக்குரிய தின்பண்டம். மலரைவிடத் தங்கோவே மேல் என்று பொருள்படும் பழமொழியும் ஜப்பானியரிடையே வழங்குகிறது. இரவில் விளக்கொளியில் மலர் காண்பது "யோசக்குரா" எனப்படும்.

ஒருசேரப் பூப்பதன் காரணம்

இன்று நகரங்களில் மிகுதியாகக் காணப்படுவது "சோமெய்-யோஷினோ" என்னும் வகை. இது விதையால் அன்றி, ஒட்டுக்கட்டியே பெருக்கப்படுகிறது. எனவே இம்மரங்கள் யாவும் ஒரே மரபணு அமைப்பைக் கொண்டவை. ஒரே தட்பவெப்பநிலையில் அவை ஏறத்தாழ ஒரே நேரத்தில் பூக்கின்றன. இலைகள் விரியுமுன் மலர்கள் தோன்றுவதால் மரம் முழுவதும் பூவாகவே தெரிகிறது.

முந்தைய கோடையில் உருவாகும் மொட்டுக்கள் இலையுதிர் காலத்தில் உறக்க நிலையை அடைகின்றன. குளிர்காலக் குளிர் அவ்வுறக்கத்தைக் கலைக்கிறது. பின்வரும் வெப்பம் மொட்டுக்களை வளர்க்கிறது. எனவே இளவேனில் வெப்பமானால் மலர்கள் முந்துகின்றன. ஆனால் குளிர்காலமே போதிய குளிரின்றிக் கழிந்தால் பூப்பது தாமதமாகலாம் அல்லது சீரற்றுப் போகலாம்.

பூப்பு அறிவிப்பு

ஜப்பானிய வானிலை முகமை குறிப்பிட்ட சில மாதிரி மரங்களைக் கவனித்துப் பூப்பை அறிவிக்கிறது. ஐந்து அல்லது ஆறு மலர்கள் விரிந்தால் பூப்புத் தொடக்கம் என்றும், எண்பது விழுக்காட்டுக்கு மேல் விரிந்தால் முழுப்பூப்பு என்றும் கொள்ளப்படும். முன்கணிப்பு வெளியிடுவதை முகமை 2010 இல் நிறுத்தியது. இன்று அதனைத் தனியார் நிறுவனங்கள் செய்கின்றன.

காலநிலைச் சான்று

கியோத்தோவின் அரசவையினரும் துறவிகளும் தம் நாட்குறிப்புகளில் மலர் விருந்துகளைக் குறித்து வைத்தனர். அவற்றைக் கொண்டு, 9 ஆம் நூற்றாண்டு முதலான பூப்பு நாட்களை ஆய்வாளர் யசுயுக்கி அவோனோ இடைவெளிகளுடன் தொகுத்தார். கியோத்தோவில் 2021 ஆம் ஆண்டின் முழுப்பூப்பு மார்ச் 26 அன்று நிகழ்ந்தது. இதற்கு முன் அறியப்பட்ட மிக முந்திய நாள் 1409 ஆம் ஆண்டின் மார்ச் 27 ஆகும். புவி வெப்பமடைதலும் நகர வெப்பமும் இதற்குக் காரணங்களாகக் கூறப்படுகின்றன. மகிழ்ச்சிக்காக நடந்த விருந்துகளின் குறிப்புகள், வெப்பமானிகள் தோன்றுவதற்கு முற்பட்ட நூற்றாண்டுகளின் இளவேனில் வெப்பநிலையை மதிப்பிட இன்று உதவுகின்றன.