பனி போச்சு, வெயில் வந்தாச்சு! மொட்டை மாடிக்குப் படையெடுக்கும் சென்னை குடும்பங்கள்

சென்னை, மார்ச்.10-

சென்னையில் பனி போய்விட்டது. போர்வையை மடித்து பரணில் போட்டாகிவிட்டது. பகல் 11 மணிக்கு மொட்டை மாடித் தரையில் வெறுங்காலை வைத்தால் சுள்ளென்கிறது.

வசந்த காலம் என்று நமக்குத் தனியாக ஒன்றும் கிடையாது. மாசிக் கடைசியும் பங்குனி முதலுமாக ஒரு நாலு வாரம். வேப்ப மரம் பழுத்த இலையைக் கொட்டிவிட்டு செம்பு நிறத்தில் தளிர் விடும். மாமரத்தில் பூ உதிர்ந்து பிஞ்சு பிடிக்கும். அவ்வளவுதான் சென்னைக்கு வசந்தம்!

அக்னி நட்சத்திரம் வந்து மண்டையைப் பிளப்பதற்கு முன்னால் இந்த நாலு வாரத்தில் வீட்டு வேலை அத்தனையையும் முடித்தாக வேண்டும். தொட்டி கழுவணும். செடிக்கு மண் மாற்றணும். வடாம் இடணும். மாவடு போடணும். பருப்பு, அரிசியை வெயிலில் காட்டணும்.

“இப்ப விட்டா சித்திரைல மாடி ஏற முடியுமா?” என்று வீட்டுப் பெரியவர்கள் விரட்டுகிறார்கள்.

அதனால் மயிலாப்பூர், மேற்கு மாம்பலம், பெரம்பூர் என்று எந்தப் பக்கம் போய் அண்ணாந்து பார்த்தாலும் மாடியில் ஆள் நடமாட்டம்தான்!

காக்காய்க்கு கறுப்புக் குடை

வடாம் வேலை விடியற்காலையிலேயே ஆரம்பித்துவிடும். கூழ் கிளறி, சூடு ஆறுவதற்குள் அச்சில் போட்டுப் பிழிந்துவிட வேண்டும். வெயில் ஏறுவதற்கு முன்னால் இட்டால்தான் அன்றைக்கே ஒரு பக்கம் காயும்.

பழைய வெள்ளை வேட்டிதான் வடாமுக்கு நல்லது. பின்பக்கம் தண்ணீர் தெளித்தால் ஒட்டாமல் உரிந்து வரும். பிளாஸ்டிக் தாளில் இட்டால் உரிப்பது சுலபம். ஆனால் காற்றில் தாளோடு பறந்து அடுத்த வீட்டு மாடிக்குப் போய்விடும்! நாலு மூலைக்கும் செங்கல் வைக்க மறக்கக்கூடாது.

காக்காய்க்குத்தான் பயம். கறுப்புக் குடையை விரித்து நடுவில் வைத்தால் முதல் நாள் கிட்டே வராது. மறுநாள் அந்தக் குடை மேலேயே உட்கார்ந்துகொள்ளும். அப்போது காவலுக்கு ஆள் வேண்டும். பையனை உட்கார வைக்கலாம் என்றால் பரீட்சை நேரம். “மாடியில உக்காந்து படிக்கிறேம்மா” என்று அவனே போனால் சந்தேகப்படுங்கள். பாதி காய்ந்த வடாமின் ருசி காக்காயைவிட அவனுக்கு நன்றாகத் தெரியும்.

மார்க்கெட்டில் மாவடு வந்துவிட்டது. காம்போடு இருப்பதாகப் பார்த்துப் பொறுக்க வேண்டும். கழுவி, ஈரம் போகத் துடைத்து, விளக்கெண்ணெய் தடவி, கல் உப்பு, மஞ்சள், கடுகுப் பொடி, மிளகாய்ப் பொடி போட்டுக் குலுக்கி வைத்தால் அதுவே தண்ணீர் விட்டுச் சுருங்கும். தினம் ஒரு தடவை குலுக்குவது மட்டும் நம் வேலை. கையில் ஈரம் இருந்தால் ஜாடியைத் தொடவே கூடாது.

திறந்ததும் இறங்காதே!

இனி சொல்லப்போவது உயிர் சம்பந்தப்பட்ட சமாசாரம்.

‘சம்ப்’ என்று சொல்கிறோமே, அந்தக் கீழ்த்தொட்டியைக் கழுவ இதைவிட நல்ல சமயம் கிடையாது. மே மாதம் தண்ணீர் தட்டுப்பாடு வந்துவிட்டால் தொட்டியைக் காலி செய்ய யாருக்கு மனசு வரும்? லாரித் தண்ணீர் வாங்குகிறவர்கள் வீட்டில் அடியில் வண்டல் படிந்து கிடக்கும். உள்ளே இருக்கும் தண்ணீரை நாலு நாளைக்கு முன்பே துணி துவைக்க, மாடி கழுவ, செடிக்கு ஊற்ற என்று செலவழித்துக் குறைத்து வந்தால் ஒரு வாளிகூட தெருவில் ஓடாது.

ஆனால் அவசரம் கூடாது. மாதக்கணக்கில் மூடிக் கிடந்த தொட்டிக்குள் மூச்சு விடக் காற்று போதாமல் இருக்கலாம். மூடியைத் திறந்த உடனே இறங்கினால் மயக்கம் வந்து உள்ளேயே விழுந்துவிடும் ஆபத்து உண்டு. தண்ணீர் முழங்கால் அளவுதான் இருந்தாலும் மயங்கி விழுந்தவருக்கு அது போதும்.

மூடியை நன்றாகத் திறந்து சில மணி நேரம் காற்றாட விடவேண்டும். மேலே ஒரு ஆள் நின்று பேச்சுக் கொடுத்துக்கொண்டே இருக்கவேண்டும். இறங்குகிறவர் இடுப்பில் கயிறு இருக்கட்டும். மோட்டார் சுவிட்சை அணைத்தால் மட்டும் போதாது, பிளக்கையே பிடுங்கிவிட வேண்டும். வெளிச்சத்துக்கு ஒயர் இழுத்து பல்பு தொங்கவிடுகிறார்கள் சில வீடுகளில். வேண்டவே வேண்டாம். பேட்டரி டார்ச் போதும்.

இன்னொன்று. கறை போகவில்லை என்று ஆசிட்டையும் பிளீச்சிங் பவுடரையும் சேர்த்துப் போடுகிறவர்கள் உண்டு. இரண்டும் சேர்ந்தால் குளோரின் வாயு கிளம்பும். நாலு பக்கமும் சுவர் உள்ள தொட்டிக்குள் அதை முகர்ந்தால் என்ன ஆகும்? பிரஷ்ஷும் தண்ணீரும் வைத்துத் தேய்த்தாலே பாசி போகும்.

உள்ளே இறங்கியவர் மயங்கி விழுந்துவிட்டால், பதறிப்போய் பின்னாலேயே குதிக்கக்கூடாது. ஒருவரைக் காப்பாற்றப் போய் இரண்டு பேர், மூன்று பேர் என்று பலியான சம்பவங்கள் ஏராளம். தீயணைப்புக்கு 101, ஆம்புலன்சுக்கு 108. கயிறு கட்டியிருந்தால் மேலே இருந்தபடியே இழுக்கலாம்.

இது குடிதண்ணீர்த் தொட்டிக்குச் சொன்னது. கழிவுத் தொட்டி கதையே வேறு. தகுந்த பாதுகாப்பு இல்லாமல் அதில் ஆளை இறக்குவது 2013-ம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். “ஐந்நூறு ரூபா கூடக் குடுக்கறேம்பா” என்று ஏழையை இறக்குகிறவர்கள் ஜெயிலுக்குப் போக நேரிடும். லாரி வைத்துத்தான் உறிஞ்ச வேண்டும்.

கழுவி முடித்து தண்ணீர் நிரப்பியதும், 1,000 லிட்டருக்கு சுமார் 2.5 கிராம் பிளீச்சிங் பவுடர் போதும். அப்படியே கொட்டக்கூடாது. வாளித் தண்ணீரில் கரைத்து, சுண்ணாம்பு அடியில் படிந்ததும் மேலே தெளிந்ததை மட்டும் ஊற்றி ஒரு மணி நேரம் விட்டுவிட வேண்டும்.

செடிக்குத் தண்ணிக்கு எங்கே போவது?

2019-ஐ சென்னைவாசிகள் மறந்திருக்க மாட்டார்கள். அந்த ஆண்டு ஜூன் மாதம் பூண்டி, சோழவரம், புழல், செம்பரம்பாக்கம் என்று நாலு ஏரியும் ஏறக்குறைய வறண்டன. ஜூலையில் ஜோலார்பேட்டையில் இருந்து ரெயிலில் தண்ணீர் வந்தது. குடத்தோடு நள்ளிரவில் வரிசையில் நின்ற அந்த நாட்களில் மாடித் தோட்டம் வைத்திருந்தவர்கள் பாடு பெரும் பாடு. “மனுஷனுக்கே தண்ணி இல்ல, செடிக்கு என்ன வேண்டிக்கிடக்கு?” என்று வீட்டுக்கு வீடு சண்டை. எத்தனையோ மாடியில் துளசிகூட கருகிப்போனது.

அந்தப் பாடம் இப்போது உதவுகிறது. அரிசி களைந்த தண்ணீர், காய்கறி கழுவிய தண்ணீர், ஏ.சி.யில் சொட்டும் தண்ணீர் எல்லாம் செடிக்குப் போகலாம். சோப்புத் தண்ணீர் ஆகாது. ஆர்.ஓ. மிஷினில் இருந்து வெளியேறும் தண்ணீரை தினமும் தொட்டிச் செடிக்கு ஊற்றினால் மண்ணில் உப்பு ஏறிவிடும். அது தரை துடைக்கத்தான் லாயக்கு.

தண்ணீர் ஊற்றுவது காலை 7 மணிக்குள், அல்லது வெயில் தாழ்ந்த பிறகு. நடுப்பகலில் இலை வாடியிருப்பதைப் பார்த்து இரக்கப்பட்டு ஊற்றினால் பாதி ஆவியாகத்தான் போகும்.

வேப்பிலைச் சருகு இப்போது தெருத்தெருவாகக் கொட்டிக் கிடக்கிறது. கூட்டிக் குவித்துக் கொளுத்துகிறார்கள். புகையால் இருமல்தான் மிச்சம்! அதையே அள்ளிக்கொண்டு வந்து தொட்டி மண்ணின் மேல் இரண்டு விரல் கனத்துக்குப் பரப்புங்கள். மண் சீக்கிரம் காயாது. தேங்காய் நாரும் அதே வேலை செய்யும். தனித்தனியாக நிற்கும் தொட்டிகளை ஒன்றோடொன்று நெருக்கி வைத்தால் ஒன்றின் நிழல் இன்னொன்றுக்கு. பச்சை நிழல்வலை கட்ட இப்போதே கம்பு நட்டுவிடலாம்.

என்ன விதைக்கலாம்? வெண்டை, கொத்தவரை, சிறுகீரை. வெண்டை விதையை ராத்திரி ஊறவைத்து காலையில் ஊன்றினால் சில நாளில் முளைக்கும். 40, 45 நாளில் பூ வந்துவிடும். கீரையை மாதம் முடிவதற்குள்ளேயே பறிக்கலாம். கோஸ், காலிபிளவர், கேரட் ஆசையெல்லாம் இனி அடுத்த பனிக்காலத்துக்கு.

கார்த்திகையில் குண்டுமல்லியைக் கவாத்து செய்தவர்கள் இப்போது மொட்டு எண்ணிக்கொண்டிருக்கிறார்கள். அப்போது விட்டவர்கள் இந்த வெயிலில் கத்தரிக்கோலை எடுக்காமல் இருப்பதே நல்லது. செம்பருத்தியில் வெள்ளையாக மாவுப்பூச்சி அப்பும். ஒரு லிட்டர் தண்ணீருக்கு 5 மில்லி வேப்பெண்ணெய், கொஞ்சம் சோப்புக் கரைசல் கலந்து சாயங்காலம் இலையின் அடிப்பக்கம் படும்படி தெளித்தால் அடங்கும்.

மண் நிரம்பிய தொட்டி கனம் சாதாரணமல்ல. மாடி நடுவில் குவிக்காமல் கீழே சுவர் வரும் ஓரமாகப் பார்த்து வைக்கவேண்டும்.

தட்டில் கொசு!

தொட்டிக்கு அடியில் வைக்கும் தட்டுதான் வில்லன். டெங்கு பரப்பும் ஏடிஸ் கொசு நல்ல தண்ணீரில்தான் முட்டையிடும். முட்டை கொசுவாகப் பறக்க 7 முதல் 10 நாள் போதும். தண்ணீரைக் கொட்டிவிட்டால் வேலை முடிந்தது என்று நினைக்கக்கூடாது. ஓரத்தில் ஒட்டிய முட்டை மாதக்கணக்கில் காய்ந்து கிடந்து, மறுபடி தண்ணீர் பட்டதும் பொரிக்கும். வாரம் ஒரு தடவை தட்டைத் தேய்த்துக் கழுவ வேண்டும். பிரிட்ஜ் பின்னால் உள்ள தட்டையும் எட்டிப் பாருங்கள்.

முருங்கைக்காய், மாங்காய் பறிக்கும் துறட்டி இரும்புக் கம்பியாக இருந்தால் மின்சார ஒயர் பக்கம் கொண்டுபோகக்கூடாது. துணிக்கொடியை தெரு விளக்குக் கம்பத்தில் கட்டவும் கூடாது.

எல்லாம் சரி, இத்தனையும் யார் செய்வது? பெரும்பாலான வீட்டில் பதில் தெரிந்ததுதான். ஐயா கீழே பேன் காற்றில் உட்கார்ந்து, “வடாம்ல உப்பு சரியா இருக்கா?” என்று கேட்டுக்கொண்டிருப்பார். வேலைக்கார அம்மாதான் மெத்தையைத் தூக்கிக்கொண்டு மூன்று மாடி ஏறுவார். மாதச் சம்பளத்தில் இது சேர்த்தி இல்லை. தனியாகக் கொடுத்துவிடுவதுதான் நியாயம். ஐயா ஒரு மெத்தையை தூக்கினாலும் தப்பில்லை!

சாயங்காலம் வடாம் வேட்டியைச் சுருட்டிக்கொண்டு கீழே இறங்கும்போது ஒன்றை மட்டும் பார்த்துவிடுங்கள். சம்ப் காய்வதற்காகத் திறந்து வைத்த மூடியை மூடி, பூட்டியாகிவிட்டதா? தெருவில் பிள்ளைகள் விளையாடிக்கொண்டிருப்பார்கள்.