முதல் வேலைக்கு முக்காலி போதும்

தச்சு வேலை பழக ஆசைப்படும் தம்பிமார் பலர், எடுத்தவுடன் அலுமாரி செய்யத்தான் நினைக்கிறார்கள். வேண்டாம் என்போம். கதவு கோணினால் பலகையும் போச்சு, சம்பளக் காசும் போச்சு. அதோடு ஆசையும் விட்டுப்போகும்.

யாழ்ப்பாணத்து அளவெட்டி நாதஸ்வரத்துக்கும் தவிலுக்கும் பேர்போன ஊர். தவிலின் உடலைப் பலாக் கட்டையில் குடைவார்கள். அந்தப் பக்கத்து வீட்டுக் கூரைக்கோ பனைமரம். பனையின் வெளிப்பக்கம் இரும்பு மாதிரி, உள்ளே மெத்தென்றிருக்கும். கூரையைத் தாங்கும், பழகாத கையில் சிராய் ஏற்றிவிடும். மரத்தின் குணம் பார்த்துத்தான் வேலை.

நமக்கு எது தோது? லயத்து அறையில் இடம் குறைவு, தரையும் மேடு பள்ளம். நாலு காலில் ஒன்று தரையில் படாவிட்டால் ஆடும். மூன்று கால் ஆடாது. ஆகவே முக்காலி செய்யுங்கள்.

நன்றாகக் காய்ந்த பலா அல்லது கிரவில்லியா பலகை, ஓரடி அகலம், ஒன்றரை அங்குலக் கனம் போதும். ஈரப் பலகை பிறகு சுருங்கி வெடிக்கும். தோட்டத்து மரத்தைக் கேட்காமல் வெட்ட வேண்டாம். மூன்று துளை போட்டு, கால்களைக் கொஞ்சம் வெளியே சாய்த்து இறுக்குங்கள். நேராக நிறுத்தினால் ஓரத்தில் உட்காருபவர் கவிழ்வார். கால் நுனியைப் பிளந்து அடிக்கும் ஆப்பு, பலகையின் ரேகைக்குக் குறுக்கே நிற்கட்டும். ரேகையோடு அடித்தால் பலகையே பிளக்கும்.

வாள், உளி, துறப்பணம், சுத்தியல் போதும். இல்லாததை இரவல் கேட்கலாம். முதல் முக்காலியில் பிள்ளை உட்கார்ந்து பாடம் படிக்கட்டும். அடுத்தது வாங்கு. அலுமாரியைப் பிறகு பார்ப்போம்.