பறவைகளின் ஆயுளும் வயற் கூகையும்

பறவையின் வயதைத் தோற்றத்தைக் கொண்டு நிர்ணயிப்பது அரிது. ஆதலால் காலில் எண் பொறித்த வளையமிட்டுப் பறக்கவிடும் முறையை, டென்மார்க் தேசத்து உபாத்தியாயர் மார்ட்டென்சன் 1899-ஆம் ஆண்டில் தொடங்கினார். நம் பக்கத்தில் கோடியக்கரையிலும் இவ்வாறு வளையமிட்டிருக்கின்றனர். பசிபிக் கடலிலுள்ள மிட்வே தீவில் 1956-இல் வளையமிடப்பெற்ற ஆல்பட்ராஸ் என்னும் கடற்பறவை, எழுபது பிராயத்தைக் கடந்து 2024-இலும் முட்டையிட்டது. இது விதிவிலக்கே.

புதுவையைச் சேர்ந்த பாகூர்ப் பக்கத்து நெல் விவசாயிகளுக்கு வேண்டியது, வெண்முகமுடைய கூகையின் கணக்கு. கூண்டில் இரையிட்டுக் காத்தால் இஃது இருபது ஆண்டுகளும் வாழக்கூடும். வெளியிலோ குஞ்சுகளிற் பெரும்பாலானவை முதலாண்டிலேயே மடிகின்றன. வேட்டை பழகுமுன் பட்டினி, பிறகு மோட்டார் வண்டி, பிறகு நாம். (அதற்காகக் கூண்டிலடைக்கலாமோவெனின், 1972-ஆம் ஆண்டுச் சட்டப்படி அது குற்றம், கிளிக்கும் அவ்விதமே.) அபசகுனமென்று கல்லெறிவோர் இன்னும் உளர். இரவெல்லாம் எலி பிடிக்கும் பறவையை விரட்டிவிட்டு எலிக்கு மருந்து வாங்குவது என்ன கணக்கோ!

அம்மருந்திலும் அபாயமுண்டு. இரத்தம் உறையாதபடி செய்யும் விஷத்தைத் தின்ற எலி உடனே சாவதில்லை. சில நாட்கள் தளர்ந்து திரியும். கூகைக்கு எளிதில் அகப்படுவதும் அதுவே. தின்ற கூகையும் மாளும். ஆகவே கூகை வசிக்கும் இடத்துக்கருகே விஷத்தைத் தவிர்த்துத் தஞ்சாவூர்க் கிட்டிகளை வைக்கவும். வரப்போரம் குறுக்குக் கட்டையுடன் கொம்பு நட்டால், கூகை அதிலமர்ந்து வேட்டையாடும். பொந்துள்ள புறம்போக்கு மரங்களை ஏலம் விடுமுன், உள்ளே கூகைக் குடித்தனம் உண்டாவென்று கிராம உத்தியோகஸ்தர்கள் பார்த்தல் நலம்.