ஒரு துளி ரத்தமும் ஒரு நாள் கூலியும்

இதயத்தில் உலோக வால்வு பொருத்திக்கொண்டவர் தம் ஆயுள் முழுவதும் ரத்த உறைவைத் தடுக்கும் மாத்திரையை உட்கொண்டாக வேண்டும். அளவு குறைந்தால் வால்வின் மீது ரத்தம் கட்டி, அக்கட்டி மூளையை அடைந்து பக்கவாதம் நேரலாம். அளவு கூடினால் உடலுக்குள் ரத்தக் கசிவு ஏற்படலாம். நம் நாட்டில் இந்நிலையில் இருப்போரில் பலர், இளம் வயதில் வந்த ருமாட்டிக் காய்ச்சலால் வால்வு பழுதுபட்ட ஏழைகள்.

வார்ஃபரின், அசினோகூமரால் போன்ற இம்மாத்திரைகள் வைட்டமின் 'கே'யின் செயலைத் தடுப்பவை. ஒரு வாரம் கீரையை வழக்கத்தைவிட அதிகம் உண்டாலே மருந்தின் வேகம் குறையும். சில நுண்ணுயிர்க்கொல்லி மருந்துகள் அதைக் கூட்டிவிடும். எனவேதான் 'ஐஎன்ஆர்' என்ற ரத்தப் பரிசோதனை அடிக்கடி தேவைப்படுகிறது. மாத்திரை உட்கொள்ளாதவருக்கு இது ஏறத்தாழ 1 இருக்கும். உட்கொள்பவருக்குப் பொதுவாக 2 முதல் 3 வரையிலும், வால்வின் இடத்தையும் வகையையும் பொறுத்து 3.5 வரையிலும் இருக்க வேண்டும்.

பரிசோதனையே வேண்டாத புதிய மாத்திரைகள் வந்துவிட்டனவே என்று கேட்கலாம். உலோக வால்வு உள்ளோரிடம் டாபிகாட்ரான் என்ற புதிய மருந்தைச் சோதித்த ஆய்வு, ரத்தக் கட்டும் கசிவும் அதிகரித்ததால் இடையிலேயே நிறுத்தப்பட்டது. அதன் முடிவுகள் 2013-இல் வெளியாயின. ருமாட்டிக் இதய நோயுடன் சீரற்ற இதயத் துடிப்பும் உள்ளோரிடம் ரிவராக்சபானைப் பழைய மருந்துகளுடன் ஒப்பிட்ட 2022-ஆம் ஆண்டு ஆய்விலும் பழைய மருந்துகளை உட்கொண்டோரிடையேதான் உயிரிழப்பு குறைவாக இருந்தது. ஆக, இந்நோயாளிகளுக்குப் பரிசோதனையிலிருந்து விடுதலை இப்போதைக்கு இல்லை.

திருவனந்தபுரத்தின் ஸ்ரீ சித்திரைத் திருநாள் மருத்துவ நிறுவனம் உருவாக்கிய உள்நாட்டு வால்வு 1990 டிசம்பரில் முதன்முதலாக ஒரு நோயாளிக்குப் பொருத்தப்பட்டது. வால்வின் விலை குறைந்தது பெரும் சாதனை. ஆனால் வால்வு ஒருமுறைச் செலவு. பரிசோதனையோ ஆயுட்காலச் செலவு. ஆய்வகக் கட்டணத்தோடு பேருந்துக் கட்டணம், இழந்த கூலி, துணைக்கு வருபவர் இழந்த கூலி ஆகியவற்றையும் கூட்டினால்தான் உண்மையான விலை தெரியும். அந்த விலைக்கு அஞ்சியே பலர் பரிசோதனையைத் தள்ளிப்போடுகின்றனர்.

இங்குதான் நுண் ஒலியுணரிகள் கவனத்துக்குரியவையாகின்றன. சில படிகங்களை அழுத்தினால் மின்னூட்டம் தோன்றும் என்பதை 1880-இல் கியூரி சகோதரர்கள் கண்டறிந்தனர். மாறாக, மின்னழுத்தம் கொடுத்தால் படிகம் அதிரும். அதிரும் குவார்ட்ஸ் தகட்டின் மீது நுண்ணிய எடை படிந்தாலும் அதன் அதிர்வெண் குறையும் என்பதற்கு 1959-இல் சாவர்ப்ரே கணக்கீடு வகுத்தார். திரவத்தில் அமிழ்ந்த தகட்டின் அதிர்வெண், அத்திரவத்தின் பிசுபிசுப்பையும் பொறுத்தது. உறையத் தொடங்கும் ரத்தத்தில் ஃபைப்ரின் இழைகள் வலைபோல் பின்னிக்கொள்வதால் பிசுபிசுப்பு ஏறுகிறது, அதிர்வெண் இறங்குகிறது. எத்தனை நொடியில் இறங்கியது என்பதைக் கொண்டு உறையும் நேரத்தைக் கணிக்கலாம். ஒலியலை ரத்தத்தின் மிக மெல்லிய படலத்தையே தொடுவதால், விரல் நுனியிலிருந்து ஒரு துளி போதும்.

திறன்பேசிக்குள் அலைவரிசைகளைப் பிரித்தறியும் வடிகட்டிகளும் இதே தத்துவத்தில் இயங்கும் சில்லுகளே. கோடிக்கணக்கில் உற்பத்தியாவதால் அவை மலிவு. பேசுவதற்காகப் பெருகிய தொழில், மருத்துவத்துக்குத் தரும் எதிர்பாராத உபரி இது.

தடைகளும் உண்டு. தகட்டில் புரதம் ஒட்டினாலும், வெப்பம் சற்று மாறினாலும் அதிர்வெண் மாறும். நம்மிடையே பரவலாக உள்ள ரத்தசோகையோ ரத்தத்தின் பிசுபிசுப்பையே குறைத்துவிடுகிறது. எனவே இங்குள்ள நோயாளிகளிடம் ஒப்பிட்டுச் சரிபார்க்காமல் எந்தக் கருவியையும் ஏற்கலாகாது.

மின்வேதியியல் முறையில் இயங்கும் கையடக்க ஐஎன்ஆர் கருவிகள் ஏற்கெனவே உள்ளன. அவை நம் கிராமங்களை எட்டாததற்குக் காரணம் அறிவியல் அன்று. சர்க்கரை அளவிடும் கருவியைப் போலவே இங்கும் ஒவ்வொரு முறையும் ஒரு சோதனைப் பட்டை தேவை. வணிகம் பட்டையில்தான் நடக்கிறது. ஒலியுணரியிலும் உறைவைத் தூண்டும் வேதிப்பொருள் பூசிய பட்டை வேண்டியிருக்கும். சில்லு மலிந்தாலும் பட்டை மலியாவிட்டால் பயனில்லை.

1994-இல் அமைக்கப்பட்ட தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம், மருந்துகளை மாநிலம் முழுவதற்கும் மொத்தமாகக் கொள்முதல் செய்து விலையைக் குறைத்துக் காட்டியது. உறைவுக் கருவிகளை ஆரம்ப சுகாதார நிலையங்களுக்கு வாங்கும் காலம் வரும்போது, கருவியின் விலையை மட்டும் பார்த்து ஒப்பந்தப்புள்ளியை முடிவுசெய்துவிடக் கூடாது. பட்டை உள்பட ஒரு பரிசோதனைக்கு ஐந்தாண்டுகளுக்கு என்ன விலை என்று கேட்க வேண்டும். வேறு நிறுவனத்தின் பட்டையும் அதில் பொருந்துமா என்பதையும் எழுத்தில் பெற வேண்டும்.