பட்டையைக் கழற்றுவதற்கு முன்

நம் கழக மலரில் கவிதைகளும் இலக்கியக் கட்டுரைகளும் நிறைய வந்திருக்கின்றன. ஒரு பிக்கப் வண்டியின் இயந்திரத்தைப் பற்றித் தமிழில் எழுதலாமா என்று கேட்டேன். ஆசிரியர் குழுவினர் மறுக்கவில்லை. நான் இயந்திரப் பொறியியல் மாணவன். ஒரு வண்டியின் வருமானத்தில் படிக்க வந்தவன். ஆகவே எழுதுகிறேன்.

அப்பா வைத்திருப்பது 2004ஆம் ஆண்டு மிட்சுபிஷி ஸ்டோர்ம். எங்கள் பக்கத்தில் இவ்வகை வண்டியை ‘ஃபோர்வீல்’ என்பார்கள். கேமரன் மலைத் தோட்டங்களிலிருந்து முட்டைக்கோசும் தக்காளியும் ஏற்றிக்கொண்டு தாப்பாவுக்கு இறங்குவது அதன் அன்றாட வேலை. பழைய வண்டியாக வாங்கியதால், டைமிங் பெல்ட்டைக் கடைசியாக எப்போது மாற்றினார்கள் என்பதற்கு எந்தச் சான்றும் இல்லை. இந்த இயந்திரத்திற்கு ஏறத்தாழ 100,000 கிலோமீட்டருக்கு ஒருமுறை மாற்றுவது வழக்கம். சான்று இல்லையென்றால் மாற்றவே இல்லை என்று எடுத்துக்கொள்வதுதான் முறை. கடந்த விடுமுறையில் வீட்டிலேயே மாற்ற முடிவு செய்தோம்.

முதலில் அந்தப் பட்டை என்ன செய்கிறது என்று பார்ப்போம். பிஸ்டன்களின் மேலும் கீழுமான ஓட்டத்தைச் சுழற்சியாக மாற்றுவது கிராங்க் தண்டு. வால்வுகளைத் திறந்து மூடுவது கேம் தண்டு. (வணரித்தண்டு, நெம்புருள் தண்டு என்று அழகான கலைச்சொற்கள் உண்டு. ஆனால் உதிரிப்பாகக் கடையில் அப்படிக் கேட்டால் வெறுங்கையோடுதான் திரும்ப வேண்டும்!) கிராங்க் இரண்டு சுற்று சுற்றும்போது கேம் ஒரு சுற்று சுற்ற வேண்டும். இந்தக் கணக்கு ஒரு பல்கூடப் பிசகாமல் இரண்டையும் இணைத்து வைத்திருப்பது பற்கள் கொண்ட ஒரு ரப்பர் பட்டை. டீசலைச் செலுத்தும் பம்பையும் அதே பட்டைதான் சுழற்றுகிறது. இயந்திரம் நிமிடத்துக்கு 3,000 சுற்று ஓடினால் ஒவ்வொரு வால்வும் நொடிக்கு 25 முறை திறந்து மூடும்.

டீசல் இயந்திரம் காற்றை ஏறத்தாழ இருபதில் ஒரு பங்காக அழுத்துவது. பிஸ்டன் உச்சிக்கு வரும்போது அதற்கு மேலே மிச்சமிருக்கும் இடம் மிகச் சிறியது. அந்த நேரத்தில் வால்வு திறந்திருந்தால் இரண்டும் மோதும். பட்டை அறுந்தால் நடப்பது இதுதான். வால்வை அழுத்தும் ராக்கர் கைகள் முறிவதோடு நின்றால் அதிர்ஷ்டம். வால்வு வளைந்தால் இயந்திரத்தின் தலையையே கழற்ற வேண்டும். பட்டைக்குச் செலவழிக்கும் பணம் அதற்கு முன்னால் ஒன்றுமே இல்லை.

இந்த 4டி56 இயந்திரத்தில் இன்னொரு சிறிய பட்டையும் உள்ளே ஒளிந்திருக்கிறது. இயந்திரத்தின் அதிர்வைக் குறைக்க, கிராங்கைப்போல் இரு மடங்கு வேகத்தில் சுழலும் இரண்டு சமன் தண்டுகள் உண்டு. அவற்றைச் சுழற்றுவது அந்தச் சிறிய பட்டை. அது அறுந்தாலும் இயந்திரம் ஓடும் என்று சிலர் அதை மாற்றாமல் விட்டுவிடுகிறார்கள். அறுந்த துண்டு பெரிய பட்டைக்குள் சிக்கினால் பெரியதும் பல் தாண்டும் அல்லது அறுந்துபோகும். பெரியதை மட்டும் மாற்றுவது, என் கருத்தில், பாதிப் பணத்தைக் கொடுத்து முழு ஆபத்தையும் வீட்டில் வைத்துக்கொள்வது.

எனவே பொருள் பட்டியலில் இரண்டு பட்டைகளும் அவற்றை இறுக்கிப் பிடிக்கும் டென்ஷனர்களும் முதலில் வந்தன. அடுத்து கிராங்க், கேம் முன்பக்க ஆயில் சீல்கள். எண்ணெய் கசிந்து பட்டமேனிக்கு ஊறினால் புதுப் பட்டையும் நீண்ட நாள் தாங்காது. இந்த இயந்திரத்தில் வாட்டர் பம்பை டைமிங் பட்டை சுழற்றுவதில்லை. வெளியே உள்ள விசிறிப் பட்டைதான் சுழற்றுகிறது. ஆனாலும் விசிறியை எப்படியும் கழற்றத்தான் போகிறோம். ஆகவே பம்பில் ஈரக் கசிவு இருக்கிறதா என்று முன்கூட்டியே பார்த்து வைத்தேன். கடைக்குப் போகும்போது வண்டியின் ஆண்டை மட்டும் சொல்லக்கூடாது. இயந்திர எண்ணையும் சேசிஸ் எண்ணையும் எழுதிக்கொண்டு போக வேண்டும். அதே 4டி56 பெயரில் பிற்காலத்தில் வந்த இயந்திரங்களின் அமைப்பு வேறு. வாங்கி வந்த பட்டையை மடித்து வைக்கவும் கூடாது. உள்ளே உள்ள இழைகள் முறியும்.

இவ்வளவும் வாங்கியாயிற்று, ஆரம்பித்துவிடலாம் என்றுதான் எனக்கு இருந்தது. அப்பாவுக்கு வேறு கணக்கு. “சனி, ஞாயிறு வண்டி ஓடலன்னா பரவால்ல ஐயா. திங்கக்கிழம காலைல நிக்கக்கூடாது,” என்றார். பட்டறை வைத்திருக்கும் மாமா ஒருவரிடம் கேட்டோம். முப்பது ஆண்டுகளாக போமன் வேலை பார்ப்பவர். அவர் சொன்னது ஒன்றுதான்: “தம்பி, கிராங்க் போல்ட்டு வருதான்னு மொதல்ல பாரு. வரலன்னா வேற எதையும் தொடாத. அப்படியே ஓட்டிக்கிட்டு எங்கிட்ட வந்துடு.”

எந்தப் பாடநூலிலும் நான் இதைப் படித்ததில்லை. கிராங்க் தண்டின் நுனியில் புல்லியைப் பிடித்திருக்கும் அந்த ஒற்றை போல்ட் மிகக் கடுமையாக முறுக்கப்பட்டது. ஆண்டுக்கணக்கில் இறுகியும் போயிருக்கும். ரேடியேட்டரையும் விசிறியையும் கழற்றிப் போட்ட பிறகு அது அசைய மறுத்தால், வண்டியை இழுத்துக்கொண்டுதான் போக வேண்டும். ஆகவே ஒரு வாரம் முன்னதாகவே சோதித்தோம். சக்கரங்களுக்குக் கட்டை வைத்து, ஐந்தாம் கியரில் போட்டு, அப்பா பிரேக்கை அழுத்திக்கொள்ள, நீளமான குழாய் மாட்டிய ஸ்பானரால் நான் அழுத்தினேன். மூன்றாவது முயற்சியில் டக்கென்று தளர்ந்தது. கையேட்டில் உள்ள அளவுக்கு டார்க் ரெஞ்சால் மறுபடி முறுக்கிவிட்டோம். அப்பா மறுநாள் வழக்கம்போல் தாப்பாவுக்கு லோட் ஏற்றிப் போனார்.

அதன்பிறகு வேலைகளை ஒரு தாளில் இரண்டாகப் பிரித்து எழுதினேன். கோட்டுக்கு மேலே இருப்பவை எந்த நேரத்திலும் திரும்ப மாட்டி வண்டியை ஓட்டக்கூடிய வேலைகள்: பேட்டரி வயர், கூலன்ட், விசிறி, வெளிப்பட்டைகள், மூடிகள். கோட்டுக்குக் கீழே ஒன்றே ஒன்று: பழைய பட்டையைக் கழற்றுவது. அதைக் கழற்றிய பிறகு கிராங்கையோ கேமையோ தனியாகச் சுழற்றக்கூடாது. டீசல் பம்பின் சக்கரம் வேறு தானாகவே நகரப் பார்க்கும். அதைப் பிடித்து நிறுத்த வழி செய்திருக்க வேண்டும்.

அந்தக் கோட்டைத் தாண்டுவதற்கு மூன்று நிபந்தனைகள் வைத்தோம். கிராங்க், கேம், பம்ப் ஆகிய மூன்றின் குறிகளும் சமன் தண்டுகளின் குறிகளும் கையேட்டில் உள்ளபடி நேராக நிற்பதைக் கண்ணால் பார்த்துப் படமெடுத்திருக்க வேண்டும். வாங்கிய பட்டையின் பற்களும் அகலமும் கையேட்டில் குறித்தபடி இருக்க வேண்டும். நேரம் சனிக்கிழமை மதியத்தைத் தாண்டியிருக்கக்கூடாது. ஒன்று குறைந்தாலும் மூடியை மாட்டிவிட்டு அடுத்த வாரம் பார்த்துக்கொள்வது என்று பேசிக்கொண்டோம்.

அன்று காலை பதினோரு மணிக்கு மூன்றும் சரியாக இருந்தன. புதுப் பட்டைகளை மாட்டியதும் சாவியைத் தொடவில்லை. ஸ்பானரால் கிராங்கை அது ஓடும் திசையிலேயே கையால் இரண்டு முழுச் சுற்று சுற்றினோம். இடையில் எங்காவது தட்டினால் அங்கேயே நிறுத்த வேண்டும். பலம் கொடுத்துத் தள்ளக்கூடாது. குறிகள் மறுபடியும் அதே இடத்தில் வந்து நின்றன. மூடியைப் பொருத்தியதும் அப்பா அதன் மேல் வெள்ளைப் பெயிண்டால் தேதியையும் கிலோமீட்டரையும் எழுதினார்.