மூளையின் வடிகால்: சிரைக் குருதியோட்டத்தை அளத்தல்

மனித மூளையின் எடை உடல் எடையில் ஏறத்தாழ 2 சதவீதமே. எனினும், இதயம் வெளியேற்றும் குருதியில் சுமார் 15 சதவீதம், அதாவது நிமிடத்திற்கு ஏறக்குறைய 750 மில்லி லிட்டர், மூளைக்குச் செல்கிறது. இவ்வளவு குருதியும் சிரைகளின் வழியே திரும்பியாக வேண்டும். மண்டையோடு விரிந்து கொடுக்காத கூடு. எனவே வடிகால் அடைபடின் உள்ளழுத்தம் உயர்ந்து மூளை தீங்குறும்.

அளக்கும் முறைகள்

குழாய் செருகாமலும் கத்தி வைக்காமலும் இவ்வோட்டத்தை அளக்க இன்று இரு முறைகள் உள்ளன. ஒன்று, கேளா ஒலி முறை. நகரும் குருதி அணுக்கள் எதிரொலிக்கும் ஒலியின் அதிர்வெண் மாறுவதைக் கொண்டு வேகம் கணிக்கப்படுகிறது. 1842-இல் டாப்ளர் கூறிய தத்துவமே இதன் அடிப்படை. செலவு குறைவு, ஆயினும் கருவியைச் சற்று அழுத்தினாலே கழுத்துச் சிரை நசுங்கி, அளவு பிழைபடும்.

மற்றொன்று, எம்.ஆர்.ஐ. எனப்படும் காந்த அதிர்வுப் படமுறை. காந்தப்புலத்தின் வலிமை சீராக மாறும் திசையில் நகரும் ஹைட்ரஜன் அணுக்கருக்களின் சமிக்ஞையில், அவற்றின் வேகத்திற்கேற்பக் கட்ட மாற்றம் தோன்றுகிறது. இதிலிருந்து பெறும் சராசரி வேகத்தைச் சிரையின் குறுக்குப் பரப்பால் பெருக்கினால் ஓட்டத்தின் அளவு கிடைக்கும். தமனிகளின் வழியே உட்புகும் குருதியையும் உடன் அளந்து இரண்டையும் ஒப்பிடலாம்.

நிலையும் அளவும்

படுத்திருக்கும்போது பெரும்பகுதிக் குருதி கழுத்துச் சிரைகள் வழியாக இறங்குகிறது. எழுந்து அமர்ந்தால் அவை சுருங்கிவிட, முதுகெலும்பைச் சுற்றியுள்ள சிரைப் பின்னல் அப்பணியை ஏற்கிறது. வலம், இடம் என இரு பக்கச் சிரைகளும் நலமுள்ளோரிடத்திலும் பலவேளை ஒத்த அளவில் இருப்பதில்லை. ஆகவே, குறுகிய சிரை ஒன்று படத்தில் தெரிவதாலேயே அதை நோய் எனக் கொள்ளலாகாது.

இதை மறந்ததன் விளைவை அண்மை வரலாறு காட்டுகிறது. கழுத்துச் சிரைகளின் குறுக்கமே மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் நோய்க்குக் காரணம் என 2009-இல் இத்தாலிய மருத்துவர் சம்போனி கூறினார். பல நாட்டு நோயாளிகள் சிரையை விரிவாக்கும் சிகிச்சையை நாடினர். நோயுற்றோர், நலமுள்ளோர் ஆகிய இரு சாராரிடத்தும் அக்குறுக்கம் ஒத்த அளவிலேயே காணப்படுவதாக 2013-இல் கனடா நாட்டு ஆய்வு காட்டியது. பின்னர் சம்போனியே நடத்திய ஆய்விலும் அச்சிகிச்சை பயன் தரவில்லை.

நம் நாட்டுக்குப் பயன்

இவ்வளவீட்டுத் தத்துவம் நேரடியாக உயிர்காக்கும் இடமும் உண்டு. மகப்பேற்றுக்குப் பின் வரும் வாரங்களில் சில தாய்மார்களுக்கு மூளைச் சிரைகளில் குருதி உறைகிறது. தணியாத தலைவலி, வாந்தி, வலிப்பு, ஒரு பக்கச் செயலிழப்பு ஆகியன இதன் அறிகுறிகள். சாதாரண சி.டி. படத்தில் இவ்வடைப்பு புலப்படாமல் போகலாம். ஆனால், எம்.ஆர்.ஐ. சிரைப்படம், சாயம் ஏதும் செலுத்தாமலேயே, ஓட்டம் நின்றுபோன இடத்தைக் காட்டக்கூடும். உரிய காலத்தில் அறிந்தால், குருதி உறைவைத் தடுக்கும் ஹெப்பாரின் மருந்தால் பெரும்பாலோர் தேறுகின்றனர். இம்மருந்தின் பயனை 1991-இல் ஜெர்மனியில் நடந்த ஆய்வு எடுத்துக்காட்டியது.

எம்.ஆர்.ஐ. கருவி உள்ள மருத்துவமனையில் இச்சோதனைக்குத் தனிக் கருவி பெரும்பாலும் வேண்டியதில்லை. பிரசவித்த தாயின் தலைவலியை வெறும் களைப்பு என ஒதுக்காத மருத்துவரும் செவிலியரும், தாமதமின்றி மேல் மருத்துவமனைக்கு அனுப்பும் ஏற்பாடுமே வேண்டும். கருவியின் பயன் அதனை அடையும் வழியைப் பொறுத்தது.